குதிரையின் பின்பாதி

ஆகஸ்ட் 11

நாத்தனாருக்கு,

இங்கே நலம். உன் நலத்துக்கும் குறைவிருக்காது; நாளெல்லாம் ஏசி காற்றில் நிற்கிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது. ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் எனக்குத் தலைக்கேறுகிறது. என் குரலைக் கேட்டால் உனக்கு உடனே கடையில் வேலை வந்துவிடுகிறது. போன தடவை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசி லீவில் நம் வீட்டு நாடகம் இந்த வருஷமும் உண்டு. உன் அண்ணன் போய் நான்கு மாதம்தான் ஆகிறது, இந்த ஒரு தடவை நிறுத்திவைக்கலாம் என்று உன் சித்தப்பா சொன்னார். நான் கேட்கவில்லை. உங்கள் அப்பா தொடங்கி வைத்தது. லீவு நாளில் ஊரே கடை கடையாக அலைகிறது, நாம் ஒரு நாளாவது வீட்டில் உட்கார்ந்து சிரிப்போம் என்று அவர் பழைய படுக்கை விரிப்பைத் தைத்துச் செய்த குதிரை. சந்தைக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிற குதிரை, அதை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிற வியாபாரி. கதை அவ்வளவுதான். அதற்கே தெரு முழுக்க நம் ஹாலில் வந்து உட்காரும். அன்றைக்குக் கடையில் வாங்கிய பொருள் எதுவும் நம் வாசற்படி ஏறக் கூடாது என்ற சட்டமும் அவர் போட்டதுதான்.

சித்தப்பா வியாபாரி. பிள்ளைகள் இரண்டும் பாட்டு. குதிரையின் முன்பாதி உன் அண்ணன், பின்பாதி நீ. முன்பாதிக்கு ஆள் நான் பார்த்துக்கொள்கிறேன். பின்பாதி நீதான். வருவாயா மாட்டாயா, ஒரு வரி எழுது.

அவரைக் கிடத்தியிருந்த அன்றைக்குக் கிட்ட வந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை நீ. காலடியிலேயே நின்றாய், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். அது எனக்கு ஆறவில்லை. ஆறாவிட்டாலும் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

செப்டம்பர் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம். பிள்ளைகள் நலமா, சித்தப்பா நலமா? லாண்டரியில் இஸ்திரி போட்டுப் போட்டு உங்களுக்கு வந்த தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? கேட்காவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் வரும்.

வருஷக் கடைசிதான் எங்கள் கடைக்கு சீசன். குழந்தைகள் துணிப் பிரிவில் நிற்க இடம் இருக்காது. ஒரு அம்மா சட்டையைப் பிடித்து இழுப்பாள், இன்னொரு அம்மா அதே சட்டையின் கையைப் பிடித்து இழுப்பாள், நடுவில் நான். நான் அங்கே சூப்பர்வைசர். என்னால் வர முடியாது.

வேறு யாரையாவது பின்பாதிக்கு வையுங்கள். குனிந்து நடக்கத் தெரிந்தால் போதும். அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

நான் எங்கே நின்றேன், எந்த பஸ்ஸில் போனேன் என்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீங்களும் எழுதாமல் இருந்தால் நல்லது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

செப்டம்பர் 8

நாத்தனாருக்கு,

நலம், நலம், எல்லாரும் நலம். தோள்பட்டை அதன் இடத்தில் இருக்கிறது.

நீ சூப்பர்வைசர் ஆனது நேற்றா? நாலைந்து வருஷமாகச் சூப்பர்வைசராக இருந்துகொண்டே குதிரைக்கு வந்தாய். வருஷா வருஷம் சரியாக அந்த வாரம் உனக்குப் பல்வலி வரும். உன் மேனேஜரிடம் உனக்காகப் போனில் பேசி, “கன்னம் வீங்கிப் போச்சு சார், வாயத் திறக்கவே முடியல” என்று சொன்னது யார்? உன் அண்ணன். பக்கத்திலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது யார்? நீ.

அவர் இருந்தவரைக்கும் சீசன் இல்லை. அவர் போனதும் சீசன் வந்துவிட்டது. எனக்கும் கணக்குத் தெரியும்.

பெரிய வித்தை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. இத்தனை வருஷமாக வித்தை இல்லாத ஒன்றுக்குத்தான் கைதட்டு வாங்கினாய்.

அண்ணி

*

அக்டோபர் 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். பதில் எழுதத் தாமதம். சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த குதிரை. உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்தால் ஒருத்தரே முழுக் குதிரை. பின்பாதி காற்று. பேட்டரியில் ஒரு சின்ன விசிறி ஓடி அதுவே ஊதிக்கொள்ளும். குனிய வேண்டாம், வேர்க்காது, ஒத்திகை வேண்டாம். உங்கள் பின்பாதிப் பிரச்சனை தீர்ந்தது.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தள்ளுபடிக் கூப்பன் வைத்திருக்கிறேன். லீவுக்கு இரண்டு பேரும் இங்கே வரட்டும். கடையைச் சுற்றிப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். வயசுப் பிள்ளைகள் எத்தனை வருஷம்தான் விரிப்புக் குதிரைக்குப் பாட்டுப் பாடும்?

சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

அக்டோபர் 27

நாத்தனாருக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

உன் பார்சல் திரும்பி வருகிறது. வாசலிலேயே நிறுத்தியிருப்பேன், நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்துவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்தால் ஹால் நடுவில் ஒரு ஊதா நிறக் குதிரை நிற்கிறது. உள்ளே சின்னவள். பின்பக்கம் உப்பிக்கொண்டு டீ கிளாஸையும் ஸ்டூலையும் தட்டிவிடுகிறது. மிக்ஸி ஓடுகிற மாதிரி அந்த விசிறிச் சத்தம் வேறு. உன் சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ இருந்த இடத்தில் காற்றை அடைத்து அனுப்பியிருக்கிறாய். அதற்கு விலைச் சீட்டு வேறு. கிழிக்கக்கூட உனக்கு நேரமில்லை.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்திருக்கிறாய். கூப்பனைத் திருப்பி அனுப்பலாம் என்று தேடினால் பெரியவள் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள். “அத்தை கூப்பிடறாங்க, நாங்க போறோம். இந்த வருஷம் குதிரை யாருக்கும்மா?” என்கிறாள். ‘எனக்குத்தான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. போய்த் துணி மடித்தேன்.

நேராகவே கேட்கிறேன். அவர் இல்லாத முதல் லீவு. அந்த நாளில் இந்த ஹாலில் நானும் உன் சித்தப்பாவும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் உன் ஆசையா? நீ வராவிட்டால் போ. என் பிள்ளைகளைக் கடை காட்டி இழுக்காதே.

அண்ணி

*

நவம்பர் 4

அண்ணிக்கு,

நலம். பார்சல் வந்தது. ஸ்டூல் உடையாமல் இருந்தால் சரி.

நான் அவர்களுக்கு அத்தை. அண்ணன் பிள்ளைகளைக் கூப்பிட எனக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அவர்கள் ஒரு நல்ல துணி எடுத்துப் போட்டுக்கொள்ள ஆசைப்படுவது குற்றமும் இல்லை. உங்கள் துக்கத்துக்கு அவர்களைப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள்.

அண்ணன் நின்ற இடத்தில் யாரையோ கொண்டுவந்து நிறுத்தி, அந்தக் குதிரைத் தலையை மாட்டி, தெருவைக் கூட்டிக் கைதட்டச் சொல்லப் போகிறீர்கள். எப்படி மனசு வருகிறது உங்களுக்கு?

முன்பாதிக்கு யாரைப் பிடித்தீர்கள்?

நாத்தனார்

*

நவம்பர் 13

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்கும் அளவுக்கு எனக்கு இன்று பொறுமை இல்லை. நன்றாக இருப்பாய், இரு.

யாரைப் பிடித்தேன் என்று கேட்டாய். முதலில் மருந்துக் கடைக்காரர் வந்தார். தலையை மாட்டினதும் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டார். உன் அண்ணனோடு வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். தலையைக் கையில் வாங்கினார், உள்ளே பார்த்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “என்னால முடியாதும்மா, தப்பா நினைக்காதீங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை.

முன்பாதி நான்தான். லாண்டரியிலிருந்து வந்ததும் அதை மாட்டிக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து பழகுகிறேன். உள்ளே இன்னமும் கிரீஸ் வாசனை. காதை ஆட்டுவதற்கு அவர் சைக்கிள் பிரேக் கம்பி இரண்டு கட்டியிருக்கிறார் இல்லையா, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இடது காது ஆட வேண்டிய இடத்தில் இடது கம்பியை இழுத்தேன், அது ஆடவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், வலது காது பிய்ந்து கையில் வந்துவிட்டது. தைத்துவிட்டேன். உன் ஊதாக் குதிரைக்கு எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்று ஒரு தாள் வைத்திருந்தார்கள். இதற்குத் தாள் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள உன்னை விட்டால் ஆளும் இல்லை. அதுதான் எனக்கு எரிகிறது.

எப்படி மனசு வருகிறது என்று என்னைக் கேட்கிறாய். அவர் முகத்தைப் பார்க்காமல் போக உனக்கு எப்படி மனசு வந்தது? இதற்குப் பதில் எழுது. எழுதிவிட்டு வராமலே இரு, இனிக் கேட்க மாட்டேன்.

அண்ணி

*

டிசம்பர் 1

அண்ணிக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தலையை மாட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் போக வேண்டாம். அடுப்பு இருக்கிறது.

வலது கைக் கம்பியை இழுத்தால்தான் இடது காது ஆடும். அண்ணன் முதல் வருஷமே மாற்றிக் கட்டிவிட்டான். பெரிய லிஃப்ட் மெக்கானிக். அவிழ்த்துச் சரியாகக் கட்டு என்று நான் சொன்னால், “கை பழகிப் போச்சு, இனிமே சரி பண்ணாதான் தப்பு வரும்” என்பான். அதனால் கடைசிவரைக்கும் அப்படியே ஓடியது.

பதில் கேட்டீர்கள். பல தடவை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் இத்தனை நாள்.

பின்பாதிக்குள் குனிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இருட்டு, வேர்வை, கையில் அவனுடைய பெல்ட். கீழே பார்த்தால் அவனுடைய குதிகால் இரண்டும் தெரியும். அவ்வளவுதான் வெளிச்சம். வலது குதிகாலில் ஒரு வெடிப்பு, குறுக்கே ஓடி ஓரத்தில் இரண்டாகப் பிரியும். அவன் அதைத் தூக்கினால் நானும் காலைத் தூக்குவேன். அது நின்றால் நிற்பேன். சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து நான் அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் நடந்தேன். நாடகத்தில் நான் ஒரு தடவைகூடத் தடுக்கி விழுந்ததில்லை.

அன்றைக்கு நீங்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்தீர்கள். நான் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். இப்போது தூக்குவான், இப்போது தூக்குவான் என்று அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது அண்ணி. அவன் தூக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு நிமிஷம்கூட என்னால் நிற்க முடியவில்லை. பஸ் ஏறிவிட்டேன். கடையில் யாரும் என்னை வரச் சொல்லவில்லை. சீசனும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொருத்தர் குதிகாலைப் பார்த்துக்கொண்டு அந்தத் துணிக்குள் என்னால் குனிய முடியாது. அது நீங்களாக இருந்தாலும் முடியாது. இதைத்தான் பெட்டி பெட்டியாகச் சரக்கை அடுக்கி மறைத்துவைத்திருந்தேன். பிடுங்கிவிட்டீர்கள். திருப்தியா? இனி எழுத வேண்டாம்.

நாத்தனார்

*

டிசம்பர் 6

நாத்தனாருக்கு,

நலம்.

எழுத வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் கேட்டது எப்போது?

நீ முன்னால் நில். பின்பாதிக்குள் நான் குனிகிறேன். யாருடைய குதிகாலையும் நீ பார்க்க வேண்டியதில்லை. கம்பியும் உனக்குத்தான் தெரியும்.

இதனால் உன்மேல் இருக்கிற கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இதை அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை மாதமும் உன்னைக் கல் நெஞ்சுக்காரி என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது போய் யாரிடம் மாற்றிச் சொல்வேன்?

பிள்ளைகள் உன் ஊருக்கு பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். நான் தடுக்கப் போவதில்லை. நீ கூப்பிட்டாய், நீயே பார்த்துக்கொள்.

அண்ணி

*

டிசம்பர் 15

அண்ணிக்கு,

நலம். சித்தப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள், சிரிப்பால் வந்ததென்று விட்டுவிடாதீர்கள்.

மேனேஜரிடம் போய் நின்றேன். “என்ன, பல்வலியா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “இந்த வருஷம் பல்வலி வந்தா சூப்பர்வைசர் நாற்காலியையும் சேர்த்துப் பிடுங்கிடுவேன். திரும்பி வர்றப்போ கீழ்த்தளத்துல பார்சல் மேஜைதான்” என்றார்.

“பல்வலி இல்ல சார். குதிரைக்குப் போறேன்” என்றேன். எந்தக் குதிரை என்று கேட்டார். “சந்தைக்குப் போக மாட்டேன்னு நிக்குமே, அந்தக் குதிரை” என்றேன். விஷயம் அவருக்குப் புரிந்திருக்காது. நான் வருவேனா மாட்டேனா என்பது புரிந்துவிட்டது. எட்டு வருஷம் ஏறிய படியை ஒரே நாளில் இறங்கியிருக்கிறேன். உங்களுக்காக இல்லை.

பிள்ளைகளிடம் போனில் பேசிவிட்டேன். அத்தை கடையில் இருக்க மாட்டேன், வந்தால் துணி மாட்டி நிற்கிற பொம்மையோடுதான் பேச வேண்டும் என்றேன். பெரியவள் “அப்பா தலைய யாரு அத்தை போடப் போறாங்க?” என்று கேட்டாள். நான் என்றேன். “அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்” என்று வைத்துவிட்டாள். அந்தத் தலைக்குள் வேறு யாரோ என்ற பயம்தான் அவளுக்கும் இருந்திருக்கிறது. நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கையில் எதுவும் வாங்கிக்கொண்டு வர மாட்டேன். உங்களுக்குக் குனியத் தெரியுமா? இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

நாத்தனார்

*

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்ததாகப் பெரியவள் சொன்னாள். ‘அன்புள்ள’ என்பதற்கு இன்னும் கை வரவில்லை. அவசரப்படுத்தாதே.

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நேற்றுத்தான் விட்டது. இஸ்திரி மேஜையில் சாய்ந்துகொண்டே வேலை பார்க்கிறேன். நீ நடக்கிறாயா ஓடுகிறாயா என்று தெரியாமல் உன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினதுதான் மிச்சம். உள்ளே இருந்தபடியே என்னை எத்தனை திட்டுத் திட்டினாய். “இடது கால் அண்ணி, இடது கால், அது வலது” என்று முன்வரிசைக்கே கேட்டது. தெரு இதுவரைக்கும் இப்படிச் சிரித்ததில்லை என்று சித்தப்பா சொல்கிறார். உன் திட்டையும் வசனம் என்று நினைத்துவிட்டார்கள்.

நடுவில் குதிரை நின்றுவிட்டதே, நீ இழுத்தும் நகரவில்லையே, அதற்கு நாடகம் முடிந்ததும் என்மேல் பாய்ந்தாய். “ஏன் நின்னீங்க? என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். கால் மரத்துவிட்டது என்றேன். பொய்.

ஒத்திகை முழுக்க நீ சாக்ஸ் போட்டிருந்தாய். நாடகத்தன்றும் போட்டிருந்தாய். எனக்காகப் போட்டாய் என்று தெரியும், கேட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். வியாபாரி குதிரையை இழுக்கிற இடத்தில் சித்தப்பா உன் வலது காலை மிதித்தார் அல்லவா, அப்போது அந்த சாக்ஸ் கழன்று அங்கேயே கிடந்துவிட்டது. நீ கவனிக்காமல் நடந்தாய்.

குறுக்கே ஓடி, ஓரத்தில் இரண்டாகப் பிரிகிறது. உனக்கும் அதே காலில், அதே இடத்தில் அந்த வெடிப்பு.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நின்றேன். தெரு சிரித்துக்கொண்டிருந்தது, நான் உள்ளே உன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் நீ அதைத் தூக்கினாய். நானும் தூக்கினேன். அதற்கப்புறம் நான் ஒரு அடிகூடத் தப்பாக வைக்கவில்லை, நீ கவனித்தாயோ என்னவோ.

பார்சல் மேஜைக்கே தள்ளிவிட்டார்களாமே. அங்கே உட்கார ஸ்டூல் கேட்டு வாங்கு. கேட்க வாய் இல்லாவிட்டால் எனக்கு அந்த மேனேஜரின் நம்பரை அனுப்பு, நான் பேசுகிறேன். சீசன் முடிந்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே.

அடுத்த வருஷமும் முன்பாதி நீதான், பின்பாதி நான்தான். சாக்ஸ் போட்டுக்கொண்டு வராதே.

அண்ணி